குடைக்குள் சூரியன்

மார்ச் மாதம் பாதியில் ஒரு நாள், நண்பகல் சுமாருக்கு, உங்கள் வீட்டு டி.வி. திடீரென்று படுத்திருக்கும். முதலில் படம் கட்டம் கட்டமாக உடையும். சீரியல் அம்மனின் கண் ஒரு பக்கம், சூலம் ஒரு பக்கம். பிறகு கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு வாசகம். வெளியே எட்டிப் பார்த்தால் மழை இல்லை, மேகம் இல்லை, சுள்ளென்று வெயில். செட்டாப் பாக்ஸை ஒரு தட்டு தட்டுவீர்கள் (நாம் எதையும் முதலில் தட்டித்தான் பார்ப்போம்). பத்து நிமிஷத்தில் படம் தானாகவே திரும்ப வரும். தட்டியதால் வந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு இதே கூத்து. நாலைந்து நாள் இப்படி. பிறகு மறந்தே போய்விடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் வாக்கில் மறுபடி ஆரம்பிக்கும்.

ஓசூரில் எங்கள் பக்கத்துக்கெல்லாம் டிஷ் மாட்டிக் கொடுக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். ஏரியாவில் அவருக்குப் பெயர் 'குடைக்காரர்'. அவரிடம் கேட்டேன்.

"மார்ச் வந்தாலே போன எடுக்க பயமா இருக்கும் சார். தமிழ்ல திட்டு வாங்கி முடிக்கறதுக்குள்ள தெலுங்குல ஒரு போன் வரும். அப்புறம் கன்னடம். சிப்காட் ரூம்ல தங்கியிருக்கற பசங்க இந்தியில திட்டுவாங்க. சூரியன் வந்து மறைக்குதுனு சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல."

நான் நம்பினேன். ஒரே ஒரு திருத்தம்தான். சூரியன் மறைக்கவில்லை. சூரியன் கத்துகிறது.

உங்கள் டி.வி.க்குப் படம் அனுப்புகிற செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தெற்கே கொஞ்சம் சாய்ந்து. வருடத்தில் இரண்டு முறை, பகலும் இரவும் சமமாகிற நாட்களையொட்டி, சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியன் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. ரேடியோ அலைகளையும் சகட்டுமேனிக்கு எல்லா அலைவரிசையிலும் இறைத்துக்கொண்டிருக்கிறது. குடைக்கு இரண்டும் ஒரே திசையிலிருந்து வருகிறது. கல்யாணக் கச்சேரியில் மேடைக்குப் பின்னாலேயே ஜெனரேட்டரை ஓடவிட்டால் பாடகர் என்ன பாடுகிறார் என்று தெரியுமா? அதே கதைதான். இதற்கு 'சன் அவுட்டேஜ்' என்று பெயர். 2000-களில் நம் பங்குச் சந்தைகள் புரோக்கர்களை இணைக்க சாட்டிலைட்டையே நம்பியிருந்ததால், இந்த நாட்களில் வர்த்தக நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்ட காலம்கூட உண்டு. கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் சூரியன் நகரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தது!

ஆகவே வருடத்தில் ஏழெட்டு நாள், நாளுக்குப் பத்து நிமிஷம், உங்கள் மொட்டை மாடியில் ஒரு ரேடியோ தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருக்கிறது. சந்தா கட்டியது நீங்கள். நோக்கராக இருந்து குறிப்பெடுக்கத்தான் ஆள் இல்லை.

இதை நான் ஓசூரிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டத்தட்ட 2,900 அடி உயரம், நல்ல குளிர்ந்த காற்று, ஒரு காலத்தில் நட்சத்திரம் பார்க்கத் தோதான ஊராகத்தான் இருந்திருக்கும். எழுபதுகளில் சிப்காட் வந்தது. லாரி, ஸ்கூட்டர், கைக்கடிகாரம் என்று ஊர் செய்யாத பொருள் இல்லை. மூன்று ஷிஃப்ட். ராத்திரி இரண்டு மணிக்கும் கம்பெனி பஸ்கள் ஓடும், யார்டுகளில் பகல்போல விளக்கு எரியும். வடமேற்கே பார்த்தால் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பெங்களூரின் வெளிச்சம், அடுப்பு மாதிரி அடிவானத்தில் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். பால்வீதியைப் பார்க்க ஆசைப்பட்டால் தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுப் பக்கம் போகவேண்டும், அங்கே யானை பார்க்கும். கிழக்கே கிருஷ்ணகிரியைத் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986-ல் அங்கே நிறுவின 2.34 மீட்டர் டெலஸ்கோப் இன்றைக்கும் உழைக்கிறது. ஆனால் அதற்கும் மேகம் வந்தால் விடுமுறை.

ரேடியோ வானத்துக்கு மேகம் ஒரு பொருட்டில்லை. யார்டு விளக்கு பொருட்டில்லை. பகல், ராத்திரி வித்தியாசம்கூட ரொம்பக் கிடையாது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு நட்சத்திரம் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால் வீட்டில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ரேடியோவில் அது அன்றாடம் நடக்கிற காரியம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடைக்காரத் தம்பியை வரவழைத்தேன். வேண்டிய சாமான்கள் எல்லாம் அவர் பையிலேயே இருந்தன. இரண்டடி டிஷ் ஒன்று. அதன் மூக்கில் மாட்டுகிற எல்.என்.பி. டிஷ்ஷைச் சரியான திசைக்குத் திருப்ப இவர்கள் வைத்திருக்கும் சின்ன முள் மீட்டர், 'ஃபைண்டர்' என்பார்கள். சிக்னல் கூடினால் முள் ஏறும், 'கீ' என்று கத்தவும் செய்யும். சில நூறு ரூபாய் சாமான். கரன்ட்டுக்கு ஒரு பழைய செட்டாப் பாக்ஸ். அவ்வளவுதான்.

முதலில் டிஷ்ஷை வடக்கே காலி வானத்தைப் பார்த்துத் திருப்பி, திருகைக் குறைத்து முள்ளைக் கீழே கொண்டுவந்தோம். பிறகு எதிர் வீட்டுச் சுவரைப் பார்க்கத் திருப்பினோம். முள் விறுவிறுவென்று ஏறியது.

"சுவத்துல என்ன சார் சிக்னல்?"

சுவரில் சூடுதான் சிக்னல். சூடு உள்ள எந்தப் பொருளும் கொஞ்சம் ரேடியோ அலை விட்டுக்கொண்டே இருக்கும். சுவர், மாமரம், நீங்கள், நான். அவரை எல்.என்.பி.க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். முள் எகிறியது. கையை எடுத்தார், இறங்கியது. மறுபடி காட்டினார், ஏறியது. பதினைந்து வருடமாக அந்த மீட்டரைக் கையில் வைத்திருக்கிறவர், குழந்தை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தார். தன் உடம்பிலிருந்து ஒரு ரேடியோ நிலையம் ஓடுகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் பெருமையாக இராது?

அடுத்து சூரியன். இதில் ஒரு சூட்சுமம். டி.டி.எச். டிஷ்கள் கோணலாகப் பார்க்கிற ரகம். அது முகம் காட்டுகிற திசை ஒன்று, உண்மையில் கேட்கிற திசை இன்னொன்று, இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். (இந்த ரக மனிதர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) ஆகவே சூரியனுக்கு நேரே டிஷ்ஷின் முகத்தைக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது. தம்பி ஒரு கைக்கண்ணாடித் துண்டை டிஷ்ஷின் நடுவில் ஒட்டி, அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சப் பொட்டு எல்.என்.பி. மேல் விழுகிற மாதிரி டிஷ்ஷை நகர்த்தினார். நானாக இருந்தால் ஒரு மணி நேரம் காகிதத்தில் கணக்குப் போட்டிருப்பேன். வெளிச்சம் விழுந்த அதே நொடி முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. கீ... என்று ஒரு கூவல்.

(நீங்கள் செய்வதானால் இரண்டு எச்சரிக்கை. சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள். இந்த வேலையை மார்ச், அக்டோபரில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது சூரியன் செயற்கைக்கோள் வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும், முள் எதற்கு ஏறுகிறது என்று தெரியாது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஓசூரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே. செயற்கைக்கோள்களை விட்டு நன்றாக விலகியிருக்கும்.)

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். டிஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு டீ குடித்தோம். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். கூவல் இறங்கி இறங்கி நின்றுபோனது. முள் கீழே.

"யாரும் தொடலயே சார். தானா இறங்கிடுச்சு."

"பூமி திரும்பிடுச்சு தம்பி."

அவர் டிஷ்ஷைப் பார்க்கவில்லை. குனிந்து காலடியில் தரையைப் பார்த்தார்.

கணக்கு சுலபம். பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி திரும்புகிறது. இந்த இரண்டடி டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ மூன்று டிகிரி அகலம். சூரியன் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற பன்னிரண்டு நிமிஷம், நடுவிலிருந்து நழுவ அதில் பாதி. டி.வி. ஏன் பத்து நிமிஷம் மட்டும் படுக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ரேடியோ வானியலில் இது ஒரு பழைய முறை. தொலைநோக்கியை நகர்த்தாதே, சும்மா வை, வானம் தானாக வந்து போகும்.

இந்தத் துறையே ஒரு கம்ப்ளெயின்ட் அட்டெண்ட் பண்ணப் போன ஆளால் ஆரம்பித்ததுதான். கார்ல் ஜான்ஸ்கி, அமெரிக்காவில் பெல் டெலிபோன் கம்பெனி இன்ஜினீயர். அட்லாண்டிக் தாண்டிப் பேசுகிற ரேடியோ டெலிபோனில் கரகரப்பு வருகிறது, எங்கிருந்து என்று கண்டுபிடி என்றார்கள். அவர் நியூ ஜெர்சியில் ஒரு வயலில், மரச்சட்டமும் பித்தளைக் குழாயுமாக ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டி, பழைய ஃபோர்டு கார்ச் சக்கரங்களில் அதைச் சுற்றவிட்டார். பக்கத்து இடி ஒரு சத்தம், தூரத்து இடி ஒரு சத்தம். மூன்றாவதாக ஒரு மெல்லிய 'ஸ்ஸ்'. அது தினமும் வந்தது. ஆனால் 24 மணிக்கு ஒரு முறை அல்ல, 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒரு முறை.

அந்த நாலு நிமிஷம்தான் துப்பு. சூரியனோ, பக்கத்து ஃபாக்டரியோ, ரயிலோ காரணமாக இருந்தால் 24 மணிக்குத்தான் வரும். தினம் நாலு நிமிஷம் முன்னதாக, மாதத்துக்கு இரண்டு மணி முன்னதாக வருவது நட்சத்திரங்கள் மட்டும்தான். கடிகாரம் இல்லாத காலத்தில் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன நம் தாத்தாக்களுக்கு இது தெரியும். எந்த மாதம் எந்த ஜாமத்தில் கார்த்திகை உச்சிக்கு வரும் என்று விரலில் சொல்வார்கள். ஜான்ஸ்கி ஒரு வருஷத்துக்கு மேல் குறித்துப் பார்த்து, சத்தம் தனுசு ராசிப் பக்கத்திலிருந்து, பால்வீதியின் நடுவிலிருந்து வருகிறது என்று 1933-ல் சொன்னார். பேப்பரில் முதல் பக்கச் செய்தி. கம்பெனி என்ன செய்தது? டெலிபோனுக்கு இதனால் நஷ்டமில்லை என்று அவருக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது. இன்றைக்கு வானத்து ரேடியோ பிரகாசத்தை அளக்கிற அலகுக்கு 'ஜான்ஸ்கி' என்று பெயர். அவர் 44 வயதில் இறந்துபோனார்.

அவருக்குப் பிறகு சில வருஷம் உலகத்தில் இதைத் தொடர்ந்து செய்த ஒரே ஆள் குரோட் ரீபர். இல்லினாய் மாநிலத்தில் தன் வீட்டுத் தோட்டத்தில், 1937-ல், சொந்தக் காசில் 31 அடி டிஷ் ஒன்றைக் கட்டினார். பகலில் ரேடியோ கம்பெனி உத்தியோகம், ராத்திரியில் வானம். பகலில் கேட்டால் கார்களின் ஸ்பார்க் பிளக் சத்தம் குறுக்கே வருமாம். அவர் வரைந்த படங்களில்தான் ரேடியோ வானம் முதன்முதலாக ஒரு வரைபடமாகத் தெரிந்தது.

தெரிந்த வானம் நமக்குத் தெரிந்த வானமாக இல்லை. கண்ணுக்குப் பிரகாசமான நட்சத்திரங்களைச் சொல்லுங்கள். சிரியஸ், அகத்தியர், ரோகிணி, திருவாதிரை. ரேடியோ வானத்தின் பிரகாசப் பட்டியலில் இவர்களில் ஒருவரும் இல்லை. சூரியன் நம் பக்கத்து வீடு என்பதால்தான் காது கிழிகிறது. அதையே அடுத்த நட்சத்திரத்தின் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் சத்தம் ஏழாயிரம் கோடியில் ஒரு பங்காகிவிடும். சூரியனை விட்டால் பிறகு யார் யார்?

முதலில் கேஸியோப்பியா ஏ. வடக்கே 'எம்' எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரம் இருக்குமே, அதன் பக்கத்தில். சுமார் 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். அந்த வெடிப்பின் வெளிச்சம் பூமிக்கு வந்தது 1670-களை ஒட்டி என்று கணக்கிடுகிறார்கள், ஆனால் அப்போது வெடித்தது என்று யாரும் உறுதியாக எழுதி வைக்கவில்லை. கண்ணுக்குத் தப்பியது ரேடியோவில் ஊரைக் கூட்டுகிறது. வருஷத்துக்கு அரை சதவிகிதத்துக்கு மேல் மங்கிக்கொண்டும் வருகிறது.

அடுத்தவர் சிக்னஸ் ஏ. இது நம் பால்வீதியிலேயே இல்லை. எழுபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள ஒரு கேலக்ஸி. பெரிய டெலஸ்கோப்பில்கூட மங்கலான திட்டு. அதன் நடுவில் உள்ள கருந்துளை இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கிற துகள்கள்தான் இந்தச் சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, நம் கேலக்ஸிக்குள்ளேயே இருக்கும் கேஸியோப்பியாவுக்குச் சரிக்குச் சரி நிற்கிறது. தெருமுனை டீக்கடைப் பாட்டும், டெல்லியில் யாரோ போட்ட பாட்டும் ஒரே சத்தத்தில் உங்கள் வீட்டுக்குள் கேட்டால் எப்படி இருக்கும்!

மூன்றாவது டாரஸ் ஏ, ரிஷபத்தின் கொம்பு நுனியில் இருக்கும் நண்டு நெபுலா. இதன் வெடிப்பைச் சீனர்கள் 1054 ஜூலையில் பார்த்து எழுதி வைத்தார்கள். 23 நாள் பட்டப்பகலிலேயே தெரிந்ததாம். கொப்பம் போரில் ராஜாதிராஜ சோழன் யானை மேல் இறந்தான் என்று நம் சரித்திரப் புத்தகங்கள் சொல்கிற அதே 1054.

இவையெல்லாம் இரண்டடிக் குடையில் கேட்காது. சூரியனிடமிருந்து பல லட்சம் ஜான்ஸ்கி வருகிறது. கேஸியோப்பியா, இந்தக் குடையின் அலைவரிசையில் பார்த்தால், சில நூறுதான். பெரிய குடை வேண்டும்.

பெரிய குடை என்றால் நம் நாட்டில் கோவிந்த் ஸ்வரூப். ஹோமி பாபா தந்தி கொடுத்துக் கூப்பிட, அமெரிக்காவை விட்டு 1963-ல் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அவர் ஆரம்பித்ததும் பழைய குடைகளில்தான். ஆஸ்திரேலியா உபயோகித்து முடித்த ஆறடி டிஷ்கள் 32-ஐ இனாமாக வாங்கி, பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் 1965-ல் வரிசையாக நட்டுச் சூரியனைக் கேட்டார்கள். அதுதான் அவர் இந்தியாவில் அமைத்த முதல் ரேடியோ தொலைநோக்கி. அடுத்து அவர் செய்ததுதான் மூளை.

பூமி திரும்புவதற்கு ஈடுகொடுத்து ஒரு தொலைநோக்கி நட்சத்திரத்தைத் துரத்த வேண்டுமானால், அது பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் சுழல வேண்டும். அரை கிலோமீட்டர் நீளத் தொலைநோக்கியை அப்படிச் சாய்த்து வைக்க எத்தனை பெரிய கட்டடம் கட்டுவது? ஸ்வரூப் கட்டடத்துக்குப் பதிலாக மலையைத் தேடினார். வடக்கு தெற்காக ஓடி, அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சரிகிற மலை. தென்னிந்தியா முழுக்கத் தேடியதில் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் அகப்பட்டது. அட்சரேகை 11 டிகிரி, சரிவும் 11 டிகிரி. இமயமலையில் இது நடக்காது, அங்கே முப்பது டிகிரி சரிவு வேண்டியிருக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதை ஒரு வசதியாக மாற்றிக்கொண்ட யோசனை இது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் தறியில் பாவு கட்டினதுபோல 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். 1970-ல் இயங்க ஆரம்பித்து, ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பார்க்க முடிந்தது. தூரத்துக் கேலக்ஸிகளை நிலா மறைக்கிற நொடியையும், மறுபடி விடுகிற நொடியையும் அளந்து, அவற்றின் இடத்தையும் பருமனையும் துல்லியமாகச் சொன்னார்கள். ஊட்டிக்குப் போகிற நாம் படகு ஓட்டி, வர்க்கி வாங்கி, ரோஸ் கார்டனில் போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறோம். ஸ்வரூப் 2020 செப்டம்பரில் காலமானார்.

ஓசூருக்கு இன்னும் பக்கத்தில், பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் இன்னொரு ரகம். அங்கே எழுபதுகளிலிருந்து இருப்பதைப் பார்த்தால் டெலஸ்கோப் என்றே சொல்லமாட்டீர்கள். வயல்வெளியில் கம்பம் நட்டுக் கம்பி கட்டி, துணி காயப்போட்ட மாதிரி, 'டி' வடிவத்தில் ஆயிரம் ஆன்டெனா. ஒரு கை மட்டும் 1.4 கிலோமீட்டர். ஒன்பது மீட்டர் நீள அலைக்கு அதுபோதும், பளபளக்கும் குடை தேவையில்லை.

தேவைப்படுவது நிசப்தம். இங்கேதான் சங்கடம்.

ஒரு சாதாரண செல்போனைக் கொண்டுபோய் நிலாவில் வைத்து யாருக்காவது போன் போட்டால், அதன் அலைவரிசையில், ரேடியோ வானத்தின் முதல் ஐந்தாறு பிரகாசமான மூலங்களில் ஒன்றாக அது இருக்கும். சூரியனுக்கும் கேஸியோப்பியாவுக்கும் அடுத்தடுத்த வரிசையில், ஒரு செல்போன்! நிலாவில் வைத்தால் அப்படி. நாம் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். ஓசூரில் ரெண்டு தெருவுக்கு ஒரு டவர். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் இந்த எல்லைக்காரர்களுக்கு ரேடியோ அலையைப் பற்றி நல்ல ஞானம் உண்டு. ஹாலில் தமிழ்நாடு, அடுப்படியில் கர்நாடகா என்று சிக்னல் மாறும். லாரிகளை அத்திப்பள்ளியில் நிறுத்திச் சீட்டு கேட்கலாம், அலையை நிறுத்த முடியாது. பெங்களூர் எஃப்.எம். இங்கே கேட்கிறது, இங்கே எந்தப் பட்டறையில் வெல்டிங் வைத்தாலும் அது அந்தப் பக்கம் போகும். பொறி பறந்தால் ரேடியோ அலை பிறக்கும் என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1887-ல் காட்டியதை, நம் ஊர் வெல்டிங்காரர் தினம் எட்டு மணி நேரம் செய்து காட்டுகிறார். மோட்டார், இன்வெர்ட்டர், மட்டமான எல்.இ.டி. பல்பு எல்லாமே தன் பங்குக்கு முணுமுணுக்கிறது.

யார்டு விளக்கு வானத்தை அழித்தது நமக்குத் தெரியும், ஏனென்றால் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. இந்த இரண்டாவது வானம் அழிவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஃபாக்டரியை மூடு என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரே அதில்தான் சாப்பிடுகிறது, குடைக்காரத் தம்பியின் வாடிக்கையாளர்கள் உட்பட. ஆனால் புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம், அதே ஸ்வரூப் எழுப்பிய முப்பது ராட்சத டிஷ்களுக்காக, புனே நாசிக் ரயில் பாதைத் திட்டத்தையே மாற்ற வேண்டிவந்தது. நிசப்தத்துக்கும் ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். உலக அளவிலும் ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி. பிரபஞ்சத்தில் உள்ள ஹைட்ரஜன் பேசுகிற அலைவரிசை அதில் இருக்கிறது. ஓசூர் நடுவில்கூட, விதியை மதிக்கிற வரை, அந்தத் துண்டில் ஓரளவு அமைதி இருக்கும்.

எங்கள் திட்டம் அந்தத் துண்டில்தான்.

குடைக்காரத் தம்பிக்கு இப்போதெல்லாம் டிஷ் மாட்டுகிற வேலையைவிடக் கழற்றுகிற வேலைதான் அதிகம். எல்லோரும் ஃபைபருக்குப் போய்விட்டார்கள். "கழட்டித் தாங்க, மாடியில துணி காயப்போட இடம் இல்ல"ங்கறாங்க சார், என்றார். கழற்றியதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அப்படிப் போக இருந்ததில் ஒன்றை அவர் எனக்காகத் தடுத்து வைத்திருக்கிறார். சூளகிரிப் பக்கம் ஒரு பழைய கேபிள் ஆபரேட்டர் மாடியில் கிடந்த எட்டடி வலை டிஷ். தொண்ணூறுகளில் ஊருக்கே படம் காட்டியது. வலையில் ஓட்டை இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இருபத்தோரு சென்டிமீட்டர் அலை அந்தச் சின்ன ஓட்டையில் நுழையாது, பெரிய மீன் வலையில் தங்குகிற மாதிரி. எல்.என்.பி.க்குப் பதில் பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகர டப்பா, அதற்குள் ஒரு கம்பித் துண்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு ரேடியோ குச்சி.

கேஸியோப்பியா ஏ ஓசூரில் வடக்கே 44 டிகிரி உயரத்துக்கு வரும், ஏறக்குறைய பாதி வானம். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாளில் சரியாக ராத்திரி எட்டு மணிக்கு. டிஷ்ஷை அந்த உயரத்தில் கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். வடக்கே இருப்பதால் மெதுவாக நகரும், பார்வையைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். கோடு நூற்றில் ஒரு பங்கு ஏறி இறங்க வேண்டும் என்பது கணக்கு. மறுநாள் நாலு நிமிஷம் முன்னால் ஏறினால் அது கேஸியோப்பியா. அதே நேரத்தில் ஏறினால் பக்கத்துப் பட்டறை.

"நூத்துல ஒண்ணுதானா சார்?" என்று தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் போன வாரம் திசைகாட்டியோடு வந்து மாடித் தரையில் வடக்கே பார்த்துக் கரிக்கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனார். கோடு தண்ணீர்த் தொட்டியில் போய் இடிக்கிறது. டிஷ்ஷை நாலடி கிழக்கே தள்ளினால் சரியாகிவிடும், அங்கேதான் துணிக்கொடி இருக்கிறது.